ஆங்கில இடப்பெயர், குடும்பப்பெயர் அகராதிகளில் ‘பொருள்’: ஒரு திறனாய்வு

0. முன்னுரை

ஒரு பெயருக்குப் பொருள் என்ன என்னும் வினா எளியதாகவே தோன்றும். எனினும் அவ்வினாவினுள் இரு வினாக்கள் அடங்கியுள்ளன. அப்பெயரை முதன்முதலில் இட்டவர்கள் அதனால் எதனைக் குறித்தனர் என்பது ஒன்று. இன்று அதனை வழங்குவோர் அதனால் எதனை உணர்கின்றனர் என்பது மற்றொன்று. முன்னது சொற்பிறப்பியலைச் சார்ந்தது. பின்னது மொழிப்பயன்பாட்டைச் சார்ந்தது. பர்மிங்காம் என்று இன்று கூறுபவர் ஒரு பெருநகரத்தைச் சுட்டுகிறாரேயன்றி, ‘பியோர்மா என்பாரின் மக்களது குடியிருப்பு’ என்று எதனையும் எண்ணுவதில்லை.

இங்கிலாந்தின் வரலாறு, இலக்கியம், நிலவியல் ஆகியன பற்றிய நூல்களைத் தமிழாக்குவோரும் கலைக்களஞ்சியக் கட்டுரைகளை எழுதுவோரும் ஆங்கிலப் பெயர்களுக்கு விளக்கம் தரும்போது அகராதிகளையே நம்புகின்றனர். அவ்வகராதிகளினின்று அவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது, மேற்கோள் குறிகளுக்குள் அமைந்த ஒருவரி விளக்கத்தை மட்டுமே. அவ்வரிக்கு முன்னுள்ள சான்றுகள் விடுபட்டுப் போகின்றன. எயிலர்ட் எக்வாலின் இடப்பெயர் அகராதியையும் பி.எச். ரீனியின் குடும்பப்பெயர் அகராதியையும் முதன்மையாகக் கொண்டு, அந்த ஒருவரி விளக்கம் எந்த அளவிற்கு நம்பத்தக்கது, எங்கே தவறான வழியில் செலுத்துகிறது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். பழைய ஆங்கிலம், பழைய நார்ஸ் ஆகிய மொழிகளின் வடிவங்கள் எழுத்தை ஒட்டியே இங்குத் தமிழில் பெயர்த்துத் தரப்பட்டுள்ளன.

1. எக்வாலின் நெறி

ஆங்கில இடப்பெயராய்வு முறையான ஒரு துறையாக வளர்ந்தமைக்கு 1923இல் நிறுவப்பெற்ற ஆங்கில இடப்பெயர்க் கழகம் முதன்மையான காரணமாகும். ஆலன் மாயர், எஃப்.எம். ஸ்டென்டன் ஆகியோரின் முயற்சியால் மாவட்டந்தோறும் பெயர்களைத் தொகுக்கும் பணி தொடங்கியது. பக்கிங்காம்ஷயர் பற்றிய முதல் மாவட்டத் தொகுதி 1925இல் வெளிவந்தது. இதுவரை 90க்கும் மேற்பட்ட தொகுதிகள் வந்துள்ளன. பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. இந்நிலையில், இங்கிலாந்து முழுமைக்குமான ஓர் அகராதியைத் தனியொருவராக 1936இலேயே உருவாக்கித் தந்தவர் எக்வால். சுவீடன் நாட்டு லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக விளங்கிய இவர், இதற்கு முன்னரே ஆங்கில ஆற்றுப்பெயர்கள் பற்றிய பெருநூலை 1928இல் வெளியிட்டிருந்தார். ஆக்ஸ்போர்டு சுருக்க அகராதியாக வெளிவந்த இவரது இடப்பெயர் அகராதியின் நான்காம் பதிப்பு 1960இல் வந்தது.

இவ்வகராதியின் பதிவுகள் பொதுவாக மூன்று பகுதிகளைக் கொண்டவை. இன்றைய பெயரும் மாவட்டமும் முதலில் அமைகின்றன. அடுத்து, பட்டயங்கள், ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு, 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே ஏடு முதலியவற்றிற் காணப்படும் பழைய வடிவங்கள் கால வரிசையில் தரப்படுகின்றன. இறுதியில் சொற்பிறப்பும் பொருளும் கூறப்படுகின்றன. இவ்வரிசைமுறையே எக்வாலின் நெறியாகும்: முதலில் சான்று, பின்னரே விளக்கம். இன்றைய வடிவத்தைக் கொண்டு பொருள் காணும் பழைய வழக்கத்தை இந்நெறி முற்றிலும் ஒதுக்கியது. அவரது அகராதியின் நிலைத்த பெருமை இதுவே எனலாம்.

2. வடிவ ஒற்றுமை தரும் மயக்கம்

இந்நெறியின் இன்றியமையாமையைச் சில பெயர்களால் உணரலாம். நாட்டிங்காம், ஈவ்ஷாம், டரம் ஆகிய மூன்றும் ஆங்கில எழுத்தில் ஒரே ஈற்றைக் கொண்டவை. மூன்றிலும் ‘குடியிருப்பு’ என்னும் பொருளுடைய ‘ஹாம்’ என்ற பொதுக்கூறு உள்ளதென்றே எவரும் கருதுவர். ஆனால் நாட்டிங்காமில் மட்டுமே அது உள்ளது. ஈவ்ஷாமில் இருப்பது குறில் உயிரையும் இரட்டை மெய்யையும் உடைய ‘ஹம்ம்’ என்னும் வேறொரு சொல். ஆற்று வளைவினால் சூழப்பட்ட நிலத்தை அது குறிக்கும். ஏவன் ஆறு வளைந்து சூழும் நிலத்தில்தான் ஈவ்ஷாம் அமைந்துள்ளது. டரம் என்னும் பெயரிலோ இவ்விரு சொற்களுமே இல்லை. அதன் பழைய வடிவம் ‘டுன்ஹோம்’ என்பதாகும். ‘குன்று’ எனப் பொருள்படும் பழைய ஆங்கில ‘டூன்’ என்பதும், ‘தீவு’ எனப் பொருள்படும் பழைய நார்ஸ் ‘ஹோல்ம்’ என்பதும் இணைந்த கலப்புப் பெயர் அது. வேர் ஆறு மூன்று புறமும் சூழ உயர்ந்து நிற்கும் அந்நகரத்தின் அமைப்பு இதற்குப் பொருந்துகிறது. நார்மானியரின் எழுத்து, ஒலிப்புப் பழக்கங்களால் இடைமெய் னகரம் ரகரமாகத் திரிந்தது.

நாட்டிங்காம் என்பதும் தன் முதல் ஒலியை இழந்த பெயரே. ஆண்டுக்குறிப்பின் 868ஆம் ஆண்டுப் பதிவில் அது ‘ஸ்னோட்டெங்கஹாம்’ எனக் காணப்படுகிறது. ‘ஸ்னோட்’ என்பாரின் மக்களது குடியிருப்பு என்பது பொருள். சொல் முதலில் வரும் ‘ஸ்ன’ என்னும் மெய்ம்மயக்கம் நார்மானியர் நாவிற்குப் பழக்கமில்லாதது. ஆதலின் ஸகரம் மறைந்தது. அதே மக்களின் பெயரால் அமைந்த அண்டையூரான ஸ்னென்டன் அவ்வொலியை இன்றும் காத்து வைத்துள்ளது.

கேம்பிரிட்ஜ் என்னும் பெயர் இன்னும் நுட்பமான பாடத்தைத் தருகிறது. ‘கேம் ஆற்றின் பாலம்’ என்பது அனைவரும் அறிந்த விளக்கம். இக்கட்டுரையாளரும் தம் தொடக்ககாலப் பாடக்குறிப்பொன்றில் அவ்வாறே எழுதி, சில ஆண்டுகள் அதனைப் பயிற்றுவித்தும் வந்தார். ஆனால் ஆண்டுக்குறிப்பின் 875ஆம் ஆண்டுப் பதிவில் அவ்வூர் ‘கிராண்டெபிரிக்’ எனவும், டூம்ஸ்டே ஏட்டில் ‘கிரெண்டெபிரிஜ்’ எனவும் காணப்படுகிறது. ஆற்றின் பழைய பெயர் கிராண்டா என்பதே. 12ஆம் நூற்றாண்டளவில் நார்மானியத் தாக்கத்தால் ஊர்ப்பெயரின் முதற்பகுதி ‘காண்ட’ எனத் திரிந்து, பின்னர் ‘காம்’ ஆயிற்று. ஊர்ப்பெயர் இவ்வாறு மாறிய பின், அதன் முதற்பகுதி ஆற்றின் பெயராகத்தான் இருக்க வேண்டும் என மக்கள் கருதிக் ‘கேம்’ என்னும் ஆற்றுப்பெயரை ஆக்கினர். ஆற்றினால் ஊர் பெயர் பெற்றது என்பதே நாம் எதிர்பார்ப்பது. இங்கு ஊரினால் ஆறு பெயர் பெற்றது. செம்ஸ்ஃபோர்டு நகரையும் செல்மர் ஆற்றையும் பற்றியும் இதுவே உண்மை. அவ்வூர்ப்பெயரில் இருப்பது ஆறன்று. ‘சியோல்மேர்’ என்னும் ஓர் ஆளின் பெயராகும். இத்தகைய பின்னாக்கங்களை இன்றைய வடிவத்தைக் கொண்டு எவராலும் கண்டறிய இயலாது.

நாட்டார் சொற்பிறப்பு பெயரின் வடிவத்தையே மாற்றிவிடும் என்பதற்கு யார்க் சான்றாகும். ரோமானியர் காலத்தில் எபோராகும் என வழங்கிய அப்பெயரைக் கேட்ட ஆங்கிலோ-சாக்சன் மக்கள், அதில் தம் மொழியில் ‘காட்டுப்பன்றி’ எனப் பொருள்படும் ‘எயோஃபர்’ என்னும் சொல்லைக் கண்டனர்; ‘விக்’ என்னும் ஊர்ப்பெயர் ஈற்றைச் சேர்த்து ‘எயோஃபர்விக்’ ஆக்கினர். பின்வந்த ஸ்காண்டிநேவியர் அதனை ‘யோர்விக்’ என ஒலித்தனர். அதுவே இன்று யார்க் என நிற்கிறது. அவ்வாறாயின் யார்க் என்பதன் ‘பொருள்’ எது? கெல்டிக் மொழிப் பொருளா, ஆங்கிலேயர் தவறாக உணர்ந்து உண்மையாகவே வழங்கிய காட்டுப்பன்றிப் பொருளா? ஒருவரி விளக்கம் இவ்வினாவிற்கு இடமளிப்பதில்லை.

3. நிலச்சொற்களும் தட்டையான விளக்கமும்

எக்வாலின் அகராதியில் சான்றுகள் எவ்வளவு செறிவானவையோ அவ்வளவு மெலிந்தவை அதன் பொருள் விளக்கங்கள். இக்குறை நிலஅமைப்பைக் குறிக்கும் சொற்களில் மிகுதியும் புலப்படுகிறது. பழைய ஆங்கிலத்தில் குன்றையும் மேட்டையும் குறிக்க ‘டூன்’, ‘ஹில்’, ‘பியோர்க்’, ‘ஹோஹ்’ எனப் பல சொற்கள் இருந்தன. பள்ளத்தாக்கைக் குறிக்கக் ‘கும்ப்’, ‘டெனு’, ‘ஹோப்’ எனப் பல இருந்தன. அகராதியில் இவை பெரும்பாலும் ‘குன்று’, ‘பள்ளத்தாக்கு’ என்ற இரு விளக்கங்களுள் அடங்கிவிடுகின்றன. இவை ஒருபொருட் கிளவிகள் என்னும் எண்ணம் பயில்வோர்க்கு எழுவது இயல்பே.

இவ்வெண்ணத்தைத் தகர்த்தவர் மார்கரெட் கெல்லிங் (1924-2009). 1984இல் வெளிவந்த நிலக்காட்சியும் இடப்பெயரும் பற்றிய நூலிலும், ஆன் கோல் என்பாருடன் இணைந்து 2000இல் வெளியிட்ட விரிவான நூலிலும், ஒவ்வொரு சொல்லும் குறித்த ஒரு நிலவடிவத்திற்கே வழங்கியதென அவர் நிறுவினார். ஏட்டுச் சான்றோடு நில்லாமல், அப்பெயருடைய ஊர்களுக்கு நேரிற் சென்று நிலத்தைப் பார்ப்பதே அவரது முறை. நிலவடிவங்களைக் காட்டும் கோட்டோவியங்களைக் கோல் வரைந்தளித்தார். அவர்களது முடிவின்படி ‘டூன்’ என்பது உச்சி பரந்து, குடியிருக்க ஏற்ற குன்று. ‘ஹோஹ்’ என்பதன் நேர்ப்பொருள் ‘குதிகால்’. குதிகால் போல முன்னோக்கி நீண்டு இறங்கும் மேட்டுமுனையை அது குறித்தது. 1939இல் கப்பற் புதையல் கண்டெடுக்கப்பட்ட சட்டன் ஹூ என்னும் இடப்பெயரின் ஈறு இச்சொல்லே. ‘பியோர்க்’ என்பது உருண்ட வடிவுடைய மேடு. ஈமமேட்டிற்கும் இச்சொல் வழங்கிற்று. ‘டெனு’ என்பது நீண்டு குறுகிச் சீராக இறங்கும் பள்ளத்தாக்கு. ‘கும்ப்’ என்பது மூன்று புறமும் சரிவு சூழ்ந்த குறுகிய நீளமுடைய கிண்ணம் போன்ற பள்ளம்.

இவ்வேறுபாடு நமக்குப் புதியதன்று. குளம், ஏரி, ஊருணி, கண்மாய், தாங்கல், ஏந்தல் என்னும் சொற்கள் தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களின் ஈறுகளாக வருகின்றன. இவை யாவற்றிற்கும் ஓர் ஆங்கில அகராதி ‘டேங்க்’ என்ற ஒரே சொல்லைப் பொருளாகத் தந்தால், அதனைப் பிழை எனக் கூற இயலாவிட்டாலும் போதியது என நாம் ஏற்கமாட்டோம். ஊருணி மக்கள் உண்ணும் நீருக்குரியது, கண்மாய் பாசனத்திற்குரியது. இத்தகைய வேறுபாடே அப்பெயர்களை இட்டவர்களின் அறிவுச்செல்வம். ‘டெனு’வையும் ‘கும்ப்’பையும் ‘பள்ளத்தாக்கு’ என்னும் ஒரே சொல்லால் தமிழில் தருவது அதே இழப்பைப் பிறமொழிப் பெயர்களுக்கு நாம் இழைப்பதாகும். இங்கு மொழிபெயர்ப்பாளர் ஒற்றைச் சொல்லைத் தேடாமல், ‘மூன்று புறமும் சரிவு சூழ்ந்த பள்ளம்’ என விரித்துரைத்தலே தக்கது.

4. ஆட்பெயர் என்னும் எளிய விடை

இடப்பெயரின் பொதுக்கூறு விளங்கி, சிறப்புக்கூறு விளங்காதபோது, அது ஓர் ஆளின் பெயர் எனக் கொள்வது ஆய்வாளர்க்கு எளிய வழியாக உள்ளது. பழைய ஆங்கிலத்தில் ஆட்பெயரை முதலாகக் கொண்ட ஊர்ப்பெயர்கள் மிகப் பல என்பது உண்மையே. ஆயினும், வேறெந்த ஏட்டிலும் காணப்படாத ஆட்பெயரை ஓர் ஊர்ப்பெயருக்காகவே கற்பித்துக்கொள்வது வட்டவாதமாக முடியும். ஊர்ப்பெயரால் ஆளுக்குச் சான்று; ஆளால் ஊர்ப்பெயருக்கு விளக்கம்.

இவ்விடர் இக்கால ஆய்வாளர்க்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பின் 501ஆம் ஆண்டுப் பதிவு, ‘போர்ட்’ என்பவன் தன் இரு மைந்தருடன் இரு கப்பல்களில் வந்து போர்ட்ஸ்மத் என்னும் இடத்தில் இறங்கினான் என்கிறது. ஆனால் அப்பெயரின் முதற்பகுதி, ‘துறைமுகம்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்த பழைய ஆங்கிலச் சொல்லே. துறைமுகம் ஒரு மனிதனாகி, அவனுக்கு மைந்தரும் கப்பல்களும் வாய்த்தன. பெயருக்கு விளக்கம் தேடும் வேட்கை வரலாற்றையே படைத்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சான்றில்லாத வடிவத்தின் முன் உடுக்குறி இடுவது இத்துறையின் மரபு. அக்குறி, ‘இவ்வடிவம் ஊகிக்கப்பட்டது’ என்னும் எச்சரிக்கையாகும். விளக்கத்தைத் தமிழிற் கொணர்வோர் முதலில் கைவிடுவது அக்குறியையே. ‘பியோர்மா என்பவர் பர்மிங்காமை நிறுவினார்’ என்னும் வாக்கியம் அவ்வாறு பிறப்பதாகும். அவரைப் பற்றி அவ்வூர்ப்பெயர் தரும் செய்தியன்றி வேறு வரலாறு நமக்குக் கிடைப்பதில்லை. நிறுவினார் என்பதையும் அப்பெயர் கூறவில்லை. அவரோடு தொடர்புடைய மக்கள் அங்கு வாழ்ந்தனர் என்பதே அதனாற் பெறப்படும்.

பொருள் மாறாதிருக்க, அதன்மேல் எழுப்பிய வரலாறு சரிந்த நிகழ்வும் உண்டு. ரெடிங், ஹேஸ்டிங்ஸ் போன்ற பெயர்களில் உள்ள ‘இங்காஸ்’ என்னும் ஈறு ‘இன்னாரின் மக்கள்’ எனப் பொருள்படும். இத்தகைய பெயர்களே ஆங்கிலோ-சாக்சன் குடியேற்றத்தின் முதற்கட்டத்தைக் காட்டுவன என்னும் கொள்கை நீண்டகாலம் நிலவியது. 1966இல் ஜே.எம். டாட்ஜ்சன், இப்பெயர்களின் பரவலும் தொடக்ககால ஈமப்புதையிடங்களின் பரவலும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதைத் தென்கிழக்கு இங்கிலாந்தைக் கொண்டு காட்டினார். அப்பெயர்கள் குடியேற்றத்தின் அடுத்த கட்டத்தைச் சார்ந்தவை என்னும் கருத்து அதன்பின் வலுப்பெற்றது. ஆற்றையும் குன்றையும் பள்ளத்தையும் குறிக்கும் நிலப்பெயர்களே பழமையானவையாதல் கூடும் எனக் கெல்லிங் 1978இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். ஈற்றின் பொருள் குறித்து எவருக்கும் ஐயமில்லை. எனினும் பொருளை மட்டும் அறிந்தவர் அதன் காலத்தை அறிந்தவராகார்.

5. குடும்பப்பெயர்கள்: ரீனியின் அகராதி

1958இல் வெளிவந்த ரீனியின் பிரித்தானியக் குடும்பப்பெயர் அகராதி, எக்வாலின் நெறியையே ஆட்பெயர்க்குப் பொருத்திய நூலாகும். ஆர்.எம். வில்சன் திருத்திய மூன்றாம் பதிப்பு 1991இல் வந்தது. குடும்பப்பெயர்களை இடம், தொழில், தந்தைபெயர், பட்டப்பெயர் என நான்காக வகுப்பது மரபு. தமிழியல் அறிந்த நான்கு பெயர்களைக் கொண்டே இவ்வகைப்பாட்டை விளக்கலாம். கால்டுவெல் என்பது இடப்பெயர் வழிவந்தது. ‘குளிர்ந்த நீரூற்று’ எனப் பொருள்படும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முதற்பதிப்பாசிரியர் சாண்ட்லரின் பெயர் மெழுகுதிரி செய்வோர் அல்லது விற்போரின் தொழிற்பெயர். எல்லிஸ் என்பது ‘எலியாஸ்’ என்னும் தந்தைபெயரின் ஆங்கில வடிவம். போப் என்பது பட்டப்பெயர். போப்பாண்டவரைப் போன்ற நடையுடையவர் அல்லது விழாக்கூத்தில் அவ்வேடம் புனைந்தவர் அவ்வாறு அழைக்கப்பட்டிருக்கலாம்.

இவ்விளக்கங்கள் சொல்லின் வரலாற்றைத் தருகின்றனவேயன்றிக் குடும்பத்தின் வரலாற்றைத் தருவனவல்ல. கால்டுவெல் என்னும் பெயருடைய ஊர்கள் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் உள்ளன. அறிஞர் கால்டுவெல்லின் பெற்றோர் ஸ்காட்லாந்தினர் என்பதால் அந்நாட்டு ஊரொன்றை நாம் கருதலாம்; ஆனால் தலைமுறைச் சான்றின்றி அதனை முடிந்த முடிபாகக் கூற இயலாது. ரீனியின் அகராதியின் அடிப்படைக் குறை இதுவே. 12 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான ஏடுகளில் ஒரு பெயரைக் கண்டு காட்டும் ரீனி, அவ்வேட்டிற் காணப்படுபவர்க்கும் இன்று அப்பெயர் தாங்கியவர்க்கும் இடையே தொடர்ச்சி உண்டா என்பதை ஆராய்வதில்லை. ஜார்ஜ் ரெட்மண்ட்ஸ் 1973இல் யார்க்ஷயரின் மேற்குப் பகுதிக் குடும்பப்பெயர்களை ஆராய்ந்து, வட்டார ஆவணங்களில் தலைமுறைதோறும் பெயர்களைத் தொடர்ந்து காணும் முறையை வலியுறுத்தினார். பேட்ரிக் ஹேங்க்ஸ், ரிச்சர்ட் கோட்ஸ், பீட்டர் மெக்ளூர் ஆகியோர் பதிப்பித்து 2016இல் நான்கு தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு குடும்பப்பெயர் அகராதி 45,000க்கும் மேற்பட்ட பெயர்களைக் கொண்டது. 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி ஒவ்வொரு பெயரும் எங்கு மிகுதியாக வழங்கியது என்பதை அது பொருள் விளக்கத்தோடு இணைத்துத் தருகிறது. ரீனியின் குறை இதனால் பெரிதும் களையப்பட்டுள்ளது.

பரவல் அறிவு பொருளறிவிற்கும் துணைசெய்யும். வாக்கர் என்பது ‘நடப்பவர்’ என இன்றைய ஆங்கிலம் அறிந்தவர்க்குத் தோன்றும். நெய்த கம்பளித் துணியை நீரிலிட்டு மிதித்துச் செறிவாக்கும் தொழிலாளரை அது குறித்தது. அதே தொழிலை இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும் ‘ஃபுல்லர்’ என்றும், தென்மேற்கில் ‘டக்கர்’ என்றும், மேற்கிலும் வடக்கிலும் ‘வாக்கர்’ என்றும் வழங்கினர். மூன்று குடும்பப்பெயர்களும் ஒரே தொழிலின் வட்டார வழக்குகள். இவற்றைத் தனித்தனியே பொருள் கூறிச் செல்லும் விளக்கம், அவை தம்முள் அமைக்கும் கிளைமொழி நிலப்படத்தை மறைத்துவிடுகிறது.

6. மொழிபெயர்ப்பாளர்க்குரிய சிக்கல்

பெயர்கள் வழக்கில் பொருளிழந்து சுட்டுமொழியாக நிற்பவை என்பதற்குப் பெண்டில் ஹில் என்னும் மலைப்பெயர் சிறந்த சான்று. கெல்டிக் மொழியின் ‘பென்’ குன்று அல்லது தலைப்பகுதி எனப் பொருள்படும். அதன் பொருளறியாத ஆங்கிலேயர் ‘ஹில்’ சேர்த்தனர். அச்சேர்க்கையும் ‘பெண்டில்’ எனத் திரிந்து விளங்காமற்போகவே, பின்வந்தோர் மீண்டும் ‘ஹில்’ சேர்த்தனர். ஆகவே பெயரைப் பொருள்வழி மொழிபெயர்ப்பது பொருந்தாது. ஒலிபெயர்ப்பதே முறை என்பதில் கருத்து வேறுபாடில்லை.

ஆயின் ஒலிபெயர்ப்பும் இழப்பற்றதன்று. ‘படைமுகாம்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல் பழைய ஆங்கிலத்தில் ‘சியஸ்டர்’ என ஏற்கப்பட்டு, ரோமானியர் காலக் கோட்டை நகரங்களுக்கு ஈறாக வழங்கியது. மான்செஸ்டர், லங்காஸ்டர், வூஸ்டர், லெஸ்டர் ஆகிய நான்கிலும் உள்ள ஈறு அதுவே. ஆங்கில எழுத்துக்கூட்டல் இவ்வுறவை ஓரளவு காத்துநிற்க, ஒலிப்பு அதனைக் கரைத்துவிட்டது. ஒலிப்பைப் பின்பற்றி ‘வூஸ்டர்’ என எழுதினால் உறவு மறைகிறது. எழுத்தைப் பின்பற்றி ‘வொர்செஸ்டர்’ என எழுதினால் எவரும் ஒலிக்காத ஒரு பெயர் உருவாகிறது. பொதுநூல்களில் ஒலிப்பும், மொழியியல் நூல்களில் ஒலிப்போடு பழவடிவமும் தருதல் ஏற்புடைய தீர்வாகும்.

7. முடிவுரை

எக்வாலும் ரீனியும் ஆக்கித் தந்த நெறி இன்றும் மாறவில்லை. அவர்களது முடிவுகள் பல மாறியுள்ளன. பழவடிவங்களைத் தேடித் தொகுத்த அவர்களது உழைப்பின் மீதே கெல்லிங்கின் நிலச்சொல் ஆய்வும், டாட்ஜ்சனின் பரவல் ஆய்வும், 2016ஆம் ஆண்டின் குடும்பப்பெயர் அகராதியும் எழுந்தன. மாறியவை, பெரும்பாலும், நாம் எடுத்தாளும் அந்த ஒருவரி விளக்கங்களும் அவற்றின்மேல் எழுப்பிய வரலாறுமே. மாறாது நிற்பவை, நாம் விட்டுவிடும் பழவடிவங்களே. தமிழில் ஆங்கிலப் பெயர்களுக்கு விளக்கம் எழுதுவோர், இடம் கருதி ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்ள நேர்ந்தால், பொருளை விடுத்து, ஆண்டோடு கூடிய பழவடிவத்தையே எடுத்துக்கொள்ளுதல் வேண்டும். பொருளைப் பின்வருவோர் அவ்வடிவத்தினின்று மீண்டும் காண இயலும். பொருளினின்று வடிவத்தை எவராலும் மீட்க இயலாது.